பைனாகுலரும் பழைய பட்டியல்களும்: விண்மீன் கொத்துகளையும் நெபுலாக்களையும் தேடிப் பார்க்கும் முறை

வானில் மங்கலாகத் தெரியும் பொருள்களுக்கு எண்ணிட்ட மெசியே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதல் எண்ணிலிருந்து வரிசையாகத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் இரவிலேயே பைனாகுலரை உறைக்குள் போட்டுவிடுகிறார்கள். எம் 1 (எம் என்பது மெசியேயைக் குறிக்கும்) எனப்படும் நண்டு நெபுலா, அதாவது மேகம் போலத் தெரியும் ஒளித் திட்டு, சிறியது, மங்கலானது. நகரத்து வெளிச்சம் கலந்த வானில் சிறிய கருவிக்கு அது அகப்படுவதில்லை. அதற்கு முதல் எண் கிடைத்ததற்குக் காரணம் அது எளிதானது என்பதோ அழகானது என்பதோ அன்று. 1758ஆம் ஆண்டு பாரிஸில் ஒரு வால்விண்மீனைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த சார்ல் மெசியே, ரிஷபத்தின் கொம்பருகே மற்றொரு வால்விண்மீன் போலத் தோன்றிய, ஆனால் இடம் பெயராத ஒரு மங்கல் புள்ளியைக் கண்டு குறித்துவைத்தார் என்பது மட்டுமே காரணம். வானியல் பட்டியல்களில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இவ்வாறு ஒருவர், ஓரிடத்தில், ஒரு கருவியின் வழியே கண்டதன் பதிவாகும். யார், எங்கிருந்து, எதைக் கொண்டு பார்த்தார் என்பதை அறிந்துகொண்டால், எந்த எண்ணைத் தேடுவது, எதை ஒத்திவைப்பது என்பது தானாகவே விளங்கும்.

ஆகவே பார்க்கத் தொடங்கும் முன் பட்டியல்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. மெசியேயின் எண்கள் அவர் பதிவுசெய்த வரிசையில் அமைந்தவை. அடுத்தடுத்த இரு எண்கள் வானின் எதிரெதிர் மூலைகளில் இருக்கலாம். 1774இல் வெளிவந்த அவருடைய முதல் பட்டியலில் 45 பொருள்கள் இருந்தன. 1781இல் வெளிவந்த இறுதிப் பட்டியலில் அது 103 ஆயிற்று. அவற்றுள் கணிசமானவை அவருடைய நண்பர் பியர் மெஷேன் கண்டுபிடித்தவை. இப்போது வழங்கும் 110 என்ற எண்ணிக்கை இருபதாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவற்றையும் உள்ளடக்கியது. பட்டியலில் உள்ள அனைத்துமே நெபுலாவோ கொத்தோ அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: எம் 40 வெறும் இரட்டை விண்மீன், எம் 73 நான்கு விண்மீன்கள் தற்செயலாக அருகருகே தெரியும் ஓர் அமைப்பு. வால்விண்மீன் என்று யாரும் தவறாகக் கருத வாய்ப்பே இல்லாத கார்த்திகைக் கூட்டத்தையும் 1769இல் அளந்து 45ஆவதாக மெசியே சேர்த்துக்கொண்டார். அதற்கு முன் லகாய் வெளியிட்டிருந்த 42 என்ற எண்ணிக்கையைத் தாண்டிவிட வேண்டும் என்ற ஆசை அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். அந்த ஊகம் எனக்கும் ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

அந்த லகாய்தான் நமக்கு மிகவும் வேண்டியவர். பிரெஞ்சுப் பாதிரியாரும் வானியலாளருமான நிக்கோலா லூயி த லகாய், 1751 முதல் 1753 வரை நன்னம்பிக்கை முனையில் தங்கி, ஏறத்தாழ 10,000 தென்வான விண்மீன்களின் இடங்களை அளந்தார். அந்த வேலையினூடே கண்ட 42 மங்கலான பொருள்களை 1755இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்து வெளியிட்டார்: விண்மீன் தென்படாத நெபுலாக்கள், மங்கலான விண்மீன் கொத்துகள், நெபுலாவோடு சேர்ந்து தெரியும் விண்மீன்கள். அவர் பயன்படுத்திய கருவியின் வில்லை அரை அங்குல விட்டமே உடையது. எட்டு மடங்குதான் பெரிதாக்கிக் காட்டியது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 10×50 (10 மடங்கு பெரிதாக்கம், 50 மில்லிமீட்டர் வில்லை) பைனாகுலரின் ஒரு வில்லை, அவருடைய வில்லையைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு பரப்பு உடையது. எனவே லகாயின் பட்டியலில் உள்ள பொருள், நல்ல இருட்டில் பைனாகுலருக்கு அகப்படும் என்று பெரும்பாலும் நம்பித் தேடலாம்.

இதில் இடத்தின் பங்கும் உண்டு. பாரிஸ் ஏறத்தாழ 49 பாகை வடக்கே உள்ளது. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் வான நடுக்கோட்டிலிருந்து 41 பாகைக்கு மேல் தெற்கே விலகிய எதுவும் அங்கே அடிவானத்தைத் தாண்டி எழுவதில்லை. மெசியே பட்டியலில் மிகத் தெற்கே உள்ள எம் 7, பாரிஸில் அதிகபட்சமாக 6 பாகை உயரத்துக்குத்தான் வரும். மதுரையில் அதுவே 45 பாகை உயரத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு வட வானில் உள்ள மெசியே பொருள்களும் கிடைக்கின்றன, லகாயின் தென்வானப் பொருள்களும் கிடைக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் இரண்டாவது பாதியை இழந்துவிடுவோம்.

மூன்றாவதாக, என்.ஜி.சி. என்ற எழுத்துகளுடன் வரும் எண்கள். வில்லியம் ஹெர்ஷல் 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் மூன்று தவணைகளாக 2,500 பொருள்களை வெளியிட்டார். அவருடைய மகன் ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையில் பெரிய தொலைநோக்கியுடன் தென்வானை ஆராய்ந்து, 1864இல் 5,079 பொருள்கள் கொண்ட பொதுப் பட்டியலை வெளியிட்டார். இவற்றையும் பிறருடைய கண்டுபிடிப்புகளையும் இணைத்து, அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் பணிபுரிந்த டேனிய வானியலாளர் டிரேயர் 1888இல் 7,840 பொருள்களுடன் தொகுத்ததே என்.ஜி.சி. (புதிய பொதுப் பட்டியல்). இதன் எண்கள் வானில் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் வரிசையில் அமைந்தவை என்பதால், எண்ணைப் பார்த்தே பருவத்தை ஊகிக்கலாம். இரவு ஒன்பது மணியளவில் உச்சத்துக்கு வருபவை என்று கணக்கிட்டால், 100ஐ ஒட்டியவை நவம்பரிலும், 2000ஐ ஒட்டியவை ஜனவரி இறுதியிலும், 3400ஐ ஒட்டியவை ஏப்ரலிலும், 5100ஐ ஒட்டியவை மே இறுதியிலும், 6500ஐ ஒட்டியவை ஆகஸ்டிலும் கிடைக்கும். ஒரு மாதம் தள்ளிப் பார்த்தால் அதே காட்சி இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும்.

இவற்றோடு கால்டுவெல் எண்களும் செயலிகளில் தென்படும். நெல்லைச் சீமையின் கால்டுவெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிரிட்டிஷ் வானியல் எழுத்தாளர் பேட்ரிக் மூர் 1995இல் வெளியிட்ட, 109 பொருள்கள் கொண்ட பட்டியல் அது. மூருடைய குடும்பப் பெயரில் கால்டுவெல் என்பதும் ஒரு பகுதி. மெசியே விட்டுவிட்ட பொருள்களை வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்தியிருப்பதால், அதன் பின்பாதி நமக்கு மிகவும் பயன்படும்.

கருவியும் இருட்டும்

தொடக்கத்துக்கு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதுமானது. விளம்பரங்களில் 500 மடங்கு பெரிதாக்கும் என்று விற்கப்படும் சிறிய தொலைநோக்கிகளை வாங்க வேண்டாம். இங்கு வேண்டியது பெரிதாக்கம் அன்று, ஒளியைச் சேர்க்கும் பரப்பும் அகன்ற பார்வைப் புலமும். இருட்டில் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும் கண்மணியைவிட 50 மில்லிமீட்டர் வில்லை ஏறத்தாழ 50 மடங்கு பரப்பு உடையது. கார்த்திகைக் கூட்டம் வானில் இரண்டு பாகை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. அதிகப் பெரிதாக்கத்தில் அது துண்டு துண்டாகத்தான் தெரியும், பைனாகுலரில்தான் முழுதாகத் தெரியும். கை நடுக்கம் மங்கலான பொருள்களை அழித்துவிடும் என்பதால், பைனாகுலரை ஒரு முக்காலியில் பொருத்துங்கள். அது இல்லையென்றால் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

நிலவு இருக்கும் இரவுகளில் கொத்துகளில் சிலவற்றைப் பார்க்கலாம். நெபுலாக்களைப் பார்க்க இயலாது. முன்னிரவில் பார்ப்பவர்களுக்குத் தேய்பிறை பஞ்சமியிலிருந்து வளர்பிறை சதுர்த்தி வரையான நாள்கள் உகந்தவை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தெற்கே ஊர் விளக்குகள் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். தென்வானப் பொருள்கள் தாழ்வாகவே இருப்பதால், தெற்கில் ஒரு நகரம் இருந்தால் அதன் ஒளிப்படலம் அவற்றை மறைத்துவிடும். ஊருக்கு வெளியே செல்வதானால் துணையுடன் செல்லுங்கள்.

இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். கைப்பேசித் திரையை ஒரு முறை பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். வரைபடத்தைப் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கைப் பயன்படுத்துங்கள். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் அதற்குச் சற்று பக்கத்தில் பார்வையை வைத்தால் அது துலங்கும். குறைந்த ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் அதைச் சுற்றியே அடர்ந்திருப்பது இதற்குக் காரணம். இந்தப் பக்கப்பார்வை ஓரிரு இரவுகளில் கைவந்துவிடும். பட்டியலில் தரப்படும் பொலிவெண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எண் குறையக் குறையப் பொலிவு மிகும் என்பது சரிதான். ஆனால் அது பொருளின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் திரட்டினால் கிடைக்கும் பொலிவு. எம் 33 என்ற விண்மீன் மண்டலத்துக்கு 5.7 என்ற நல்ல எண் இருந்தும், அந்த ஒளி ஒரு பாகைக்கு மேல் பரவிக் கிடப்பதால் சிறிதளவு வெளிச்சம் கலந்த வானிலும் அது மறைந்துபோகிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

நட்சத்திரப் பெயர்களை அறிந்தவர்களுக்கு இங்கு ஒரு வசதி உண்டு; அவற்றுள் பலவும் கொத்துகளுக்கு வழிகாட்டும் அடையாளங்களாக அமைந்துள்ளன. ஜனவரியில் கார்த்திகையிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இந்தக் கொத்துக்கு என்.ஜி.சி. எண்ணே கிடையாது. அடுத்து, வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் தொகுதியில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே தொங்கும் சிறு கோட்டைப் பாருங்கள். அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடப்பதே எம் 42. 1,300 ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயுத் திரள். புகைப்படங்களில் தெரியும் சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம். அவ்வளவு குறைந்த ஒளியில் கண் நிறத்தை உணர்வதில்லை.

மார்ச் மாதத்தில் புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் ஏறக்குறைய நடுவில் வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கல் திட்டாகத் தெரிவது எம் 44 என்ற விண்மீன் கொத்து. பூச நட்சத்திரத்தின் இடம் அதுவே. கலிலியோ தம் தொலைநோக்கியில் இதில் 40 விண்மீன்களுக்கு மேல் எண்ணினார். நீங்களும் எண்ணிப் பாருங்கள்; 10×50 பைனாகுலரில் அந்த எண்ணிக்கையை எட்டுவது கடினமன்று.

ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே திரும்புங்கள். திரிசங்கு எனப்படும் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது, அதற்கு வலப்பக்கம், நீட்டிய கையின் மூடிய முட்டியளவு அகலத்துக்குச் சற்று அப்பால் பைனாகுலரைக் கொண்டுசென்றால் கரைனா நெபுலா தென்படும். முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. கன்னியாகுமரியில் இந்த நெபுலா 22 பாகை உயரம் வரையும், சென்னையில் 17 பாகை வரையும் எழும். 3372 என்ற என்.ஜி.சி. எண் கொண்ட இது எம் 42ஐவிடப் பெரியது; மெசியேயின் வானில் அது எழவே இல்லை என்பதால்தான் அதற்கு எம் எண் இல்லை. லகாய் பதிவுசெய்த இதை ஜான் ஹெர்ஷல் பல மாதங்கள் உழைத்து வரைந்தார். அவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தபோதே, 1837 டிசம்பரில், அதனுள் இருக்கும் ஈட்டா கரைனே விண்மீன் திடீரெனப் பொலிவு கூடியிருப்பதைக் கண்டார். நெபுலாவுக்குக் கிழக்கே மூன்று பாகையில் என்.ஜி.சி. 3532 என்ற செறிந்த கொத்தும், தெற்கே ஐந்து பாகைக்குள் கார்த்திகையை ஒத்ததென்று லகாயே எழுதிய ஐ.சி. 2602 (ஐ.சி. என்பது என்.ஜி.சி.யின் துணைப் பட்டியல்) கொத்தும் உள்ளன. வானின் மிக வளமான பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஒரே இரவில் ஒரே இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

மே இறுதியில் ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து. இதைக் கண்டுபிடிக்கச் சித்திரை நட்சத்திரம் போதும். சித்திரையும் ஒமேகா சென்டாரியும் ஏறத்தாழ ஒரே வடக்கு–தெற்குக் கோட்டில் இருப்பதால், சித்திரை தெற்கு உச்சத்துக்கு வரும் வேளையில் அதற்கு நேர் கீழே மூன்றரை முட்டி இறங்கினால், மங்கி விரிந்த ஒரு விண்மீன் போல அது நிற்கும். மதுரையில் அதன் உயரம் ஏறத்தாழ 33 பாகை, யாழ்ப்பாணத்திலும் அவ்வளவே. பண்டைய வானியலாளர் தாலமியின் காலத்தில் இது விண்மீனாகக் கருதப்பட்டது. 1603இல் ஜெர்மானிய வானியல் வரைபடக்காரர் பேயர் இதற்கு ஒமேகா என்ற விண்மீன் எழுத்தையே கொடுத்தார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலி, இது விண்மீன் அன்று என்று குறித்தார். லகாய் இதை விண்மீன் தென்படாத நெபுலா என்ற முதல் வகுப்பில் வைத்தார். ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து பார்த்த ஜேம்ஸ் டன்லப்தான் 1826இல் இதைக் கோள வடிவக் கொத்து என்று இனங்கண்டார். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள், 17,000 ஒளியாண்டுத் தொலைவில். பைனாகுலரில் நீங்கள் காண்பது லகாய் கண்டதையே ஒத்திருக்கும்: விளிம்பு மங்கிய வட்டமான ஒளி. ஆறு அங்குலத் தொலைநோக்கியில் அதே ஒளி பொடிப்பொடியான விண்மீன்களாக உதிரத் தொடங்கும்.

கருவி பெரிதாகப் பெரிதாக எல்லா நெபுலாவும் இப்படிப் பிரிந்துவிடும் என்று வில்லியம் ஹெர்ஷலும் ஒரு காலத்தில் நம்பினார். 1790இல் என்.ஜி.சி. 1514ஐக் கண்டபோது, ஒற்றை விண்மீனைச் சுற்றிலும் உண்மையாகவே ஒளிரும் ஒரு பொருள் சூழ்ந்திருப்பதாக உணர்ந்து அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் என்.ஜி.சி. 6543இன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அது வாயுவே என்று நிறுவினார். எனவே உங்கள் கருவியில் மங்கல் திட்டாகத் தெரிவது கொத்தா, வாயுவா, தொலைவிலுள்ள விண்மீன் மண்டலமா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்ய முயல வேண்டாம்; கண்டதைக் கண்டவாறு குறித்துக்கொள்வது போதும்.

ஜூலையில் கேட்டைக்கு மேற்கே ஒன்றரைப் பாகைக்குள் எம் 4. கோள வடிவக் கொத்துகளுள் மெசியே தம் கருவியால் விண்மீன்களாகப் பிரித்துப் பார்த்தது இது ஒன்றைத்தான். ஆகஸ்டில் மூல நட்சத்திரத்தின் பிரகாசமான முனையை பைனாகுலரில் பிடித்து, அங்கிருந்து சற்றே வடகிழக்காக நகர்த்தினால் எம் 7, எம் 6 ஆகிய இரு விண்மீன் கொத்துகளும் ஒரே புலத்துக்குள் வரும். எம் 7ஐ இரண்டாம் நூற்றாண்டிலேயே தாலமி குறித்திருக்கிறார். எம் 6ஐ முதலில் பதிவுசெய்தவர் சிசிலியைச் சேர்ந்த ஒதியெர்னா. 1654இல் பலெர்மோவில் அச்சான அவருடைய பட்டியலை 1980கள் வரை உலகம் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது.

வானைத் துழாவுதலும் பதிவுசெய்தலும்

தெரிந்த இடங்களைப் பார்த்து முடித்த பின், பட்டியல் தயாரித்தவர்களின் முறையையே கையாளலாம். லகாயும் ஹெர்ஷலும் வானெங்கும் கருவியைத் துரத்திக்கொண்டிருக்கவில்லை. வடக்கு–தெற்குக் கோட்டை நோக்கித் தொலைநோக்கியை நிறுத்தி, பூமியின் சுழற்சியால் வானம் தானே நகர்ந்துவர விட்டார்கள். முக்காலியில் பொருத்திய பைனாகுலரைத் தெற்கு நோக்கி ஓர் உயரத்தில் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் புலத்துக்குள் வந்துபோவதைக் கவனியுங்கள். முதலில் உங்கள் புலத்தின் அகலத்தை அளந்துகொள்ள வேண்டும்: ஓரியனின் மூன்று விண்மீன்களுள் வடமேற்கே உள்ளது வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், அது புலத்தின் நடுவழியாக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் செல்ல எடுக்கும் நிமிடங்களை நான்கால் வகுத்தால் அகலம் பாகையில் கிடைக்கும். 26 நிமிடங்கள் என்றால் ஆறரைப் பாகை. தெற்கே தாழ்வான பகுதிகளில் நகர்வு மெதுவாக இருக்கும். ஒமேகா சென்டாரியின் உயரத்தில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரமாகும்.

குறிப்பெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: எழுதுவதற்கு விளக்கேற்றினால் கண் இருளை இழக்கிறது. ஹெர்ஷல் குடும்பம் இதைத் திறமையாகத் தீர்த்தது. வில்லியம் தொலைநோக்கியருகே நின்று கண்டதை உரக்கச் சொல்ல, அவருடைய தங்கை கரோலின் அதை நேரத்துடன் எழுதிக்கொண்டார். பின்னர் பட்டியலாகத் தொகுத்ததிலும் பெரும்பங்கு அவருடையதே. நீங்கள் தனியாக இருந்தால், திரையை மூடிவிட்டுக் கைப்பேசியின் குரல்பதிவைப் பயன்படுத்தலாம். தேதி, நேரம், இடம், கருவி, வானின் தெளிவு ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். பிறகு வடிவம், விளிம்பு, நடுவில் செறிவு உண்டா இல்லையா, விண்மீனாகப் பிரிகிறதா, அருகிலுள்ள விண்மீன்களின் அமைப்பு ஆகியவற்றைச் சொல்லுங்கள். சிறு வட்டம் ஒன்றை வரைந்து அதற்குள் இடங்களைக் குறிப்பது, எவ்வளவு மோசமாக வரைந்தாலும், நீண்ட வருணனையைவிடப் பயன்படும்.

பட்டியலில் உள்ள வருணனையைப் பார்க்கும் முன் படிக்காதீர்கள். பதிவுசெய்த மறுநாள் ஒப்பிடுங்கள். டிரேயர் ஒவ்வொரு பொருளுக்கும் சுருக்கெழுத்தில் ஒரு குறிப்புத் தந்திருக்கிறார். குறிப்பிடத்தக்கதற்கு ஓர் ஆச்சரியக்குறி, அதனினும் சிறந்ததற்கு இரண்டு, மிகச் சிறந்ததற்கு மூன்று. ஒமேகா சென்டாரிக்கு மூன்று இட்டிருக்கிறார். நவம்பரில் மழை விட்டு வானம் வெளுக்கும் இரவு ஒன்று கிடைத்தால், கரோலின் ஹெர்ஷல் 1783இல் தாமே கண்டுபிடித்த என்.ஜி.சி. 253ஐத் தேடுங்கள். நீண்டு மெலிந்த அந்த விண்மீன் மண்டலம் தமிழ்நாட்டின் வானில் 50 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதே இரவில், தெற்கே கடல் இருக்கும் இடமானால், 47 டுகானே என்ற கோள வடிவக் கொத்தையும் முயன்று பார்க்கலாம்: கன்னியாகுமரியில் 10 பாகை உயரம், சென்னையில் 5 பாகை மட்டும்.